“எல்லாம் யோசனைதான்” என்று வைத்தியர் சொன்னால்: தைரொயிட் சந்தேகம் உள்ளவர்களுக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து நாடு திரும்பும் குடும்பங்கள் பல, சொந்த ஊருக்குப் போகுமுன் சில கிழமைகளோ சில மாதங்களோ கொழும்பில் தங்குகின்றன. வெள்ளவத்தையில் உறவினர் வீட்டு முன்னறையிலும் கொட்டாஞ்சேனையில் வாடகை அறையிலும் இருந்தபடி பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூட அனுமதி என்று ஒவ்வொரு அலுவலாகப் பார்க்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த அலுவல் மட்டும் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்ணாக இருக்கிறார்.

எமது அலுவலகத்துக்குப் படிவம் நிரப்ப வந்த ஒரு அக்காவை இங்கே குறிப்பிட வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர். பிள்ளைகளின் பிறந்த திகதியைக் கேட்டபோது யோசித்து யோசித்துச் சொன்னார். குரல் தடித்திருந்தது. கொழும்பு வெக்கையிலும் மின்விசிறியை நிற்பாட்டச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு முறை வைத்தியரிடம் போயிருந்தார். இரண்டு முறையும் “ஊருக்குப் போற யோசனைதான், நல்லாச் சாப்பிட்டு நித்திரை கொள்ளுங்கோ” என்று சொல்லி விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் முறை அவர் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய், ஒரேயொரு இரத்தப் பரிசோதனையைக் கேட்டார். தைரொயிட் சுரப்பி மிகக் குறைவாக வேலை செய்வது அப்போதுதான் தெரிய வந்தது. “வருத்தம் எண்டு சொன்னது எனக்குப் பெரிசாப் படேல்லை. நான் சோம்பேறி இல்லை எண்டு வீட்டுக்குத் தெரிஞ்சுதே, அது போதும்” என்றார்.

ஒரு தாள், ஒரு கேள்வி, ஒரு பரிசோதனை. இந்தக் குறிப்பு அந்த மூன்றையும் விளக்குகிறது.

யோசனையா, நோயா?

இடம்பெயர்ந்தவர்களுக்கு யோசனை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காணி, வீடு, கடன், காணாமற்போனவர்கள் என்று மனதை அரிக்கும் காரியங்கள் பல உண்டு. அதனால்தான் நீங்கள் “களைப்பு” என்றதும் கேட்பவருக்கு யோசனையே முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் யோசனை இருப்பவருக்கு உடல் நோயும் வரலாம். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது.

இந்தத் தவறு புதியதும் அல்ல. 1949 ஆம் ஆண்டு இங்கிலாந்து வைத்தியர் றிச்சட் ஆஷர், மனநோயாளர் எனக் கருதப்பட்ட 14 பேரைப் பற்றி பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். அவர்கள் எல்லோருக்கும் தைரொயிட் குறைபாடு இருந்தது. தைரொயிட் மருந்து கொடுக்கப்பட்டதும் அவர்களில் பலர் தெளிவடைந்தார்கள். இன்று அதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதுதான் எங்கள் வேலை.

தைரொயிட் என்ன செய்கிறது?

தைரொயிட் என்பது கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணாத்துப்பூச்சி வடிவில் உள்ள ஒரு சுரப்பி. அது சுரக்கும் ஓமோன் இதயத்துடிப்பு, உடல் வெப்பம், சமிபாடு, மாதவிடாய், மூளையின் வேகம் எல்லாவற்றையும் சீராக வைத்திருக்கிறது. அது குறைந்தால் உடல் முழுவதும் மந்தமாகிறது. கூடினால் உடல் முழுவதும் பதறுகிறது.

இலங்கையின் தென்மேற்கு ஈர வலயத்தில், உணவில் அயடீன் குறைவாக இருந்ததால் கண்டக்கழலை நெடுங்காலம் பரவலாகக் காணப்பட்டது. 1995 முதல் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது நாடு முழுவதும் கட்டாயமானது. இப்போது பெரியவர்களிடம் காணப்படும் குறைசுரப்புக்கு முக்கிய காரணம், உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்குவதாகும். 1912 இல் இதை முதன்முதலில் விவரித்த யப்பானிய வைத்தியரின் பெயரால் இது ஹஷிமோட்டோ நோய் எனப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு அதிகம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. அயடீன் உப்பைத் தொடர்ந்து பாவியுங்கள். ஆனால் உப்பைக் கூட்டிச் சாப்பிடுவதால் இந்த நோய் மாறாது. அயடீன் குளிசைகளை நீங்களாக வாங்கி எடுப்பது சிலவேளை நிலைமையை மோசமாக்கும். கோவா, மரவள்ளி போன்றவற்றைச் சமைத்து அளவாகச் சாப்பிடுவதில் பிரச்சினை இல்லை.

அறிகுறிகள்

குறைவாகச் சுரக்கும்போது: நித்திரை கொண்டும் தீராத களைப்பு, குளிர் தாங்க முடியாமை, காரணமின்றி எடை கூடுதல், மலச்சிக்கல், வறண்ட தோல், முடி உதிர்தல், முகமும் கண் இமையும் ஊதியிருத்தல், குரல் தடித்தல், மறதி, மனச்சோர்வு, மாதவிடாய் அதிகமாகப் போதல் அல்லது ஒழுங்கு தவறுதல், கருத்தரிக்கத் தாமதம், கருச்சிதைவு, தசைப்பிடிப்பு.

அதிகமாகச் சுரக்கும்போது: நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல், நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், அதிக வியர்வை, சூடு தாங்க முடியாமை, நித்திரையின்மை, எரிச்சல், அடிக்கடி மலம் போதல், கண்கள் வெளியே தள்ளியதுபோல் தெரிதல். இதைப் பதகளிப்பு என்று தவறாக எடுத்துக்கொள்வது எளிது.

இவற்றில் ஒன்றிரண்டு எல்லோருக்கும் சிலவேளைகளில் வருவதுதான். பல அறிகுறிகள் சேர்ந்து, மாதக்கணக்கில் நீடித்து, முன்பிருந்த உங்களிலிருந்து உங்களை மாற்றியிருந்தால் பரிசோதிப்பது நியாயம். கழுத்தில் வீக்கம் அல்லது கட்டி தெரிந்தால் வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். பெரும்பாலான தைரொயிட் கட்டிகள் ஆபத்தற்றவை. இருந்தாலும் இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் தைரொயிட் புற்றுநோயும் ஒன்று என்பதால் கட்டியைக் கவனியாமல் விடக்கூடாது. நேரத்தோடு கண்டுபிடித்தால் அது நன்றாகக் குணமாகக்கூடிய புற்றுநோய்.

வைத்தியர் ஏன் தட்டிக்கழிக்கிறார்?

சில வைத்தியர்கள் உண்மையிலேயே காது கொடுப்பதில்லை. ஆனால் எல்லா மறுப்பும் அலட்சியம் அல்ல. வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் “உடம்பு ஏலாது, எல்லா இடமும் நோகுது” என்று மட்டும் சொன்னால், வைத்தியருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. மொழி இடைஞ்சல் இருந்தால் பாதி விடயம் போய்ச் சேருவதில்லை. இன்னொன்றும் உண்டு. எம்மவர்கள் வைத்தியருக்கு முன்னால் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து முணுமுணுக்கிறோம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தெளிவாகக் கேட்பவருக்குப் பதில் சொல்வது வைத்தியருக்கும் எளிது.

போகுமுன்: ஒரு தாள் எழுதுங்கள்

பிள்ளையின் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள் போதும். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். எழுத முடியாதவர்கள் வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். எமது அலுவலகத்திலும் எழுதித் தருவோம்.

1. எப்போது தொடங்கியது? “கனநாளாக” என்று எழுத வேண்டாம். “தைப்பொங்கலுக்குப் பிறகு”, “கடைசிப் பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம்” என்று எழுதுங்கள்.

2. மிகத் தொந்தரவு தரும் மூன்று அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் எதைச் செய்ய முடியாமல் போனது என்று சேருங்கள். “களைப்பு” என்பதைவிட “முன்பு இரண்டு வாளி தண்ணீரோடு மூன்று மாடி ஏறினேன், இப்போது ஒரு மாடியில் இருந்துவிடுகிறேன்” என்பது வைத்தியருக்கு உதவும்.

3. எண்கள். முந்திய எடையும் இப்போதைய எடையும், மாதவிடாய் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது என்பவை. காலையில் எழும்பியதும் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணி மூன்று நாட்களுக்கு எழுதுங்கள்.

4. குடும்பம். அம்மா, சகோதரி, பிள்ளைகள் யாருக்காவது தைரொயிட் நோயோ கழுத்து வீக்கமோ உண்டா? முதலாம் வகை நீரிழிவு, வெண்புள்ளி போன்றவை உண்டா?

5. முன்பு நடந்தவை. கழுத்தில் சத்திரசிகிச்சை, கதிரியக்க அயடீன் சிகிச்சை, கருச்சிதைவு, அண்மைய பிரசவம். பிரசவத்தின்போது மிக அதிகமாக இரத்தம் போயிருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். அதனால் மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி பாதிக்கப்பட்டிருந்தால் வழமையான ஒரு பரிசோதனை மட்டும் போதாது.

6. எடுக்கும் மருந்துகள் எல்லாம். மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம், இதயத்துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடறோன் இரண்டும் தைரொயிட்டைப் பாதிக்கக்கூடியவை. முடி வளரவென்று எடுக்கும் பயோட்டின் குளிசை பரிசோதனை முடிவைப் பிழையாகக் காட்டக்கூடும். குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட்டு இரத்தம் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பார்த்த பழைய அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள், வெற்று மருந்து மட்டை எது இருந்தாலும் கொண்டு போங்கள். முகாமிலிருந்து புறப்படும்போது பழைய கடதாசி என்று எறிந்துவிடாதீர்கள்.

அறைக்குள்: எப்படிக் கதைப்பது?

வைத்தியரிடம் நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு போக வேண்டாம். “எனக்குத் தைரொயிட்தான்” என்று தொடங்கினால் கதை அதோடு வாக்குவாதமாகிவிடும். முதலில் மாற்றத்தைச் சொல்லுங்கள், பிறகு கேள்வியைக் கேளுங்கள்.

“டொக்டர், எனக்கு ஆறு மாசமா மூண்டு பிரச்சினை. நித்திரை கொண்டாலும் களைப்புப் போகுதில்லை, எட்டுக் கிலோ கூடிட்டன், மாதவிடாய் பத்து நாள் போகுது. அம்மாவுக்கும் கழுத்து வீக்கம் இருந்தது. தைரொயிட்டா இருக்குமோ எண்டு ஒருக்காப் பாக்கலாமோ?”

“யோசனைதான்” என்று பதில் வந்தால் மறுத்து வாதாட வேண்டாம். இப்படிச் சொல்லுங்கள்:

“யோசனை இருக்குத்தான் டொக்டர். வேற வருத்தம் இல்லை எண்டு உறுதியாத் தெரிய ரி.எஸ்.எச். ஒருக்காச் செய்து பாத்தால் மனம் ஆறும்.”

இப்படிக் கேட்டால் வைத்தியர் சொன்னதைத் தள்ளியதாகவும் இருக்காது, நீங்கள் விட்டுக்கொடுத்ததாகவும் இருக்காது. அதன் பிறகும் தேவையில்லை என்று சொன்னால் இரண்டு கேள்விகள் மிஞ்சியுள்ளன. “ஏன் தேவையில்லை எண்டு நினைக்கிறீங்கள் டொக்டர்?” என்பது ஒன்று. “எவ்வளவு நாளில மாறாட்டித் திரும்பி வர வேணும்?” என்பது மற்றது. இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலைத் தாளில் திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள். நான்கு கிழமை என்று சொல்லியிருந்தால், நான்கு கிழமை கழித்து அதே தாளோடு போகலாம். அப்போது உங்களிடம் ஒரு வரலாறு இருக்கும்.

கழுத்தில் வீக்கம் இருந்தால் “கழுத்தைத் தொட்டுப் பாருங்கோ டொக்டர்” என்று நேரே கேளுங்கள். கழுத்தைத் தடவி, எச்சிலை விழுங்கச் சொல்லிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

கூட ஒருவரை அழைத்துப் போவது நல்லது. வீட்டில் உங்களுடைய மாற்றத்தைக் கண்டவராக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அவர் உங்களுக்குப் பதிலாகக் கதைக்கக்கூடாது. பெண்களின் மாதவிடாய் பற்றிக் கணவரோ மகனோ சொல்லும்போது பாதி விடயம் மறைந்துவிடுகிறது. வைத்தியரோடு தனியே கதைக்க வேண்டும் என்று கேட்கலாம்.

மொழி ஒரு தடையாக இருந்தால்

1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அரச வைத்தியசாலையில் தமிழில் கேட்பது நீங்கள் பெறும் சலுகை அல்ல. இருந்தாலும் எல்லா அறையிலும் தமிழ் தெரிந்தவர் இருக்கமாட்டார். இந்தச் சிங்கள வசனங்களைத் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

“தெமல கதா கரன கெனெக் இன்னவாத?” – தமிழ் கதைக்கிற யாராவது இருக்கிறார்களா?

“மட்ட மாச ஹயக் திஸ்ஸே ஹரி மஹன்சியி.” – எனக்கு ஆறு மாதமாகச் சரியான களைப்பு.

“மகே பெல்ல இதிமிலா.” – என் கழுத்து வீங்கியிருக்கிறது.

“தைரொயிட் டெஸ்ட் எகக் கரன்ன புளுவன்த?” – தைரொயிட் பரிசோதனை ஒன்று செய்யலாமா?

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவதை இயன்றவரை தவிருங்கள். அம்மாவின் நோயைப் பத்து வயதுப் பிள்ளை சுமக்கக்கூடாது.

கொழும்பில் எங்கே போகலாம்?

வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவிலயில் உள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை கிட்ட இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போகலாம். இரண்டிலும் வெளிநோயாளர் பிரிவும் சிகிச்சையும் இலவசம். காலையில் நேரத்தோடு போய் இலக்கத் துண்டு எடுங்கள். அகஞ்சுரக்கும் சுரப்பிகளுக்கான விசேட கிளினிக்குக்குப் பெரும்பாலும் வெளிநோயாளர் பிரிவு வைத்தியரின் கடிதம் தேவைப்படும். ஆகவே பரிசோதனை செய்ய முடியாது என்று சொன்னால் “கிளினிக்குக்கு ஒரு கடிதம் தருவீங்களோ?” என்று கேளுங்கள். மாநகர சபையின் இலவச மருந்தகங்களிலும் முதலில் காட்டலாம்.

கர்ப்பிணிகள் தாய்சேய் கிளினிக்கில் பதியும்போதே தைரொயிட் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது மருத்துவ மாது, இதில் மிகவும் உதவுவார். அறைக்குள் உங்களுக்குச் சொல்ல வராததை அவரிடம் சொல்லலாம்.

அடையாள அட்டை இன்னும் வரவில்லை என்பதற்காக வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், பயண ஆவணம் என்று கையில் இருப்பதைக் கொண்டு போங்கள்.

அரச வைத்தியசாலையில் எல்லா நாளும் இந்தப் பரிசோதனை செய்ய வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது. வெளியே செய்துவரச் சொன்னால், காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் தனியார் இரத்தப் பரிசோதனை நிலையங்கள் உண்டு. விலையை இரண்டு இடத்தில் கேளுங்கள். “தைரொயிட் புரொபைல்” என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யத் தேவையில்லை. தொடக்கத்துக்கு ரி.எஸ்.எச். ஒன்றே பெரும்பாலும் போதும். அது பிழையாக இருந்தால் பிறீ ரி4 பார்க்கலாம். வைத்தியரின் துண்டு இல்லாமல் நீங்களாகச் செய்தாலும், முடிவை வைத்தியரிடம் காட்டாமல் மருந்து வாங்கக்கூடாது.

அப்படியும் கேட்காவிட்டால்

ஒரு வைத்தியரின் பதில் கடைசிப் பதில் அல்ல. இன்னொரு நாள் போனால் இன்னொரு வைத்தியர் இருப்பார். இயலுமானால் ஒரு பொது வைத்திய நிபுணரைச் சனல் செய்து ஒருமுறை பார்த்து, அவர் எழுதித் தருவதோடு மீண்டும் அரச கிளினிக்குக்குப் போகலாம். தொடர்ந்து தனியாரிடம் செலவழிக்கத் தேவையில்லை.

மறுப்பு வேறு, அவமதிப்பு வேறு. உங்களை ஏசினாலோ, முகாமிலிருந்து வந்தவர் என்று இழிவாகக் கதைத்தாலோ, பார்க்காமலே திருப்பி அனுப்பினாலோ, திகதி, நேரம், அறை இலக்கம் ஆகியவற்றை எழுதி வைத்தியசாலைப் பணிப்பாளருக்குக் கடிதம் கொடுக்கலாம். தமிழில் எழுதலாம். எழுத எமது அலுவலகத்தில் உதவுவோம். வைத்தியரின் தொழில் ஒழுக்கம் பற்றிய முறைப்பாடுகளை இலங்கை மருத்துவ சபை ஏற்கிறது. ஆனால் முறைப்பாட்டின் முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். முதலில் உடம்பைப் பாருங்கள்.

அறிக்கை வந்ததும்

ரி.எஸ்.எச். என்பது தைரொயிட் சுரக்கவில்லை, அது சுரக்கும் ஓமோனும் அல்ல. கபச் சுரப்பி தைரொயிட்டுக்கு அனுப்பும் கட்டளை அது. தைரொயிட் வேலை செய்யாவிட்டால் கட்டளை உரத்து ஒலிக்கும். எனவே ரி.எஸ்.எச். கூடியிருந்தால் தைரொயிட் குறைவாகச் சுரக்கிறது என்றும், மிகக் குறைந்திருந்தால் அதிகமாகச் சுரக்கிறது என்றும் பொதுவாக விளங்கிக்கொள்ளலாம். சாதாரண அளவு பெரும்பாலான ஆய்வுகூடங்களில் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. உங்கள் அறிக்கையில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவோடுதான் ஒப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அளவு வேறு.

சற்றுக் கூடியிருந்தால், அதாவது 10 இற்குக் குறைவாகவும் பிறீ ரி4 சரியாகவும் இருந்தால், பல வைத்தியர்கள் உடனே மருந்து தொடங்காமல் சில கிழமைகளோ மாதங்களோ கழித்து மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். இது அலட்சியம் அல்ல. சிலருக்கு அது தானாகச் சீராகிவிடும். மீண்டும் பார்க்க வேண்டிய திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ கர்ப்பத்துக்கு முயன்றாலோ அதை உடனே சொல்லுங்கள். அப்போது முடிவு மாறும்.

முடிவு சரியாக வந்தால் ஏமாற வேண்டாம். நீங்கள் பொய் சொன்னதாக அதற்கு அர்த்தம் இல்லை. களைப்புக்கு வேறு காரணங்கள் உண்டு. இரத்தச்சோகை, நீரிழிவு, நித்திரைக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை இடம்பெயர்ந்த குடும்பங்களில் நாம் அடிக்கடி காண்பவை. “தைரொயிட் இல்லை எண்டால் அடுத்தது எதைப் பாக்கலாம் டொக்டர்?” என்று கேளுங்கள். மனச்சோர்வு என்று சொன்னால் அதுவும் மருந்தும் கவனிப்பும் தேவைப்படும் நோய்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம்.

ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் தைரொக்சின் எடுத்தவர்கள் இங்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இது நாம் காணும் பெரிய தவறு. கைவசமுள்ள மருந்து முடிய இரண்டு கிழமைக்கு முன்பே வைத்தியரிடம் போங்கள். மருந்தின் வியாபாரப் பெயர் இங்கு வேறாக இருக்கலாம். அதனால் பெயரைவிட எத்தனை மைக்கிரோகிராம் என்ற எண்தான் முக்கியம். நீங்கள் 75 எடுத்தவராக இருந்து இங்கு 50 குளிசை தந்தால், ஒன்றரைக் குளிசை எடுக்க வேண்டுமா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுங்கள். தேநீரோ சாப்பாடோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மருந்து உடலில் நின்று வேலை செய்வதால் பயணத்தில் ஒருநாள் தவறினால் பயப்பட வேண்டாம். கிழமைக்கணக்கில் விடக்கூடாது. அளவு மாற்றினால் 6 முதல் 8 கிழமையில் மீண்டும் இரத்தம் பார்க்க வேண்டும். அதற்கு முன் “மருந்து வேலை செய்யவில்லை” என்று விட்டுவிடாதீர்கள். கர்ப்பம் தரித்தது தெரிந்ததும் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் ஓமோனில் தங்கியிருக்கிறது, மருந்தின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம்.

அதிகச் சுரப்புக்குக் கார்பிமசோல் எடுப்பவர்களுக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வாய்ப்புண்ணோ வந்தால், அந்த மருந்தை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போய் இரத்தத்தில் வெள்ளணுக்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கர்ப்பத்துக்கு முயல்பவர்கள் அதற்கு முன்பே வைத்தியரிடம் கதைக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

பின்வருவனவற்றில் எது இருந்தாலும் இலக்கத் துண்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள்:

– கழுத்துக் கட்டியோடு மூச்செடுக்கச் சிரமம்
– கடும் படபடப்போடு காய்ச்சல், பிதற்றல்
– உடல் குளிர்ந்து, எழுப்ப முடியாத அளவு நித்திரை மயக்கம்

கட்டி வேகமாகப் பெருத்தாலோ, கல்லுப்போல் இருந்தாலோ, குரல் மாறினாலோ, விழுங்கக் கடினமாக இருந்தாலோ அந்தக் கிழமைக்குள்ளேயே காட்டுங்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் நிறம் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், பால் குடிக்காமல் எந்நேரமும் நித்திரை கொண்டால், அழுகை கரகரத்தால் உடனே குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள். பிறவித் தைரொயிட் குறைபாட்டுக்கு முதல் கிழமைகளிலேயே மருந்து தொடங்கினால் குழந்தை நன்றாக வளரும். தாமதித்தால் இழந்த மூளை வளர்ச்சியைத் திரும்பப் பெற முடியாது.

ஊருக்குப் போகும்போது

கொழும்பில் சிகிச்சை தொடங்கியவர்கள் புறப்படுமுன் கிளினிக்கில் மாற்றல் கடிதம் கேளுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ, வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளுக்கோ அந்தக் கடிதத்தோடு போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லத் தேவை வராது. கிளினிக் கொப்பி, கடைசி இரத்த அறிக்கை, இரண்டு மாதத்துக்கான மருந்து, அடுத்த பரிசோதனைத் திகதி ஆகிய நான்கையும் காணி உறுதி வைத்திருக்கும் அதே பையில் வையுங்கள். அந்தப் பையை நீங்கள் எங்கும் தவறவிடமாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மா முன்புபோல் இல்லை, அக்கா எந்நேரமும் படுத்திருக்கிறா என்று குறைசொல்லுமுன், எப்போதிருந்து அப்படி இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். பதில் தெரிந்தால் அதை அவருடைய தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது கூடப் போங்கள்.